விளக்கம் சொல்ல ஒருவர், அழுவதற்கு ஒருவர்

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஹிப்-ஹாப் உலகத்தில் நடந்த கொலை, துப்பாக்கிச் சூடு, பாலியல் குற்றம் பற்றி எந்த ஆவணப்படம் பார்த்தாலும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. கேமராவுக்கு முன்னால் வந்து உட்காருகிறவர் நடந்ததை விளக்குகிறார் என்றால் அவர் பெயர் இடப்பக்கம் போகும். அழுகிறார் என்றால் வலப்பக்கம். படம் முடிந்ததும் தாளைப் பார்ப்பேன். இடப்பக்கத்தில் ரிட்டையர்டு போலீஸ் அதிகாரி, பத்திரிகையாளர், வக்கீல், புத்தகம் எழுதியவர். வலப்பக்கத்தில் அம்மா, மனைவி, அக்கா, பழைய காதலி. இடப்பக்கம் பெரும்பாலும் ஆண்கள், அதில் பாதிக்கு மேல் வெள்ளையர்கள். வலப்பக்கம் ஏறக்குறைய முழுவதும் கறுப்பினப் பெண்கள்.

இந்தப் பழக்கம் 2025 பிப்ரவரியில் தொடங்கியது. வொலெட்டா வாலஸ் காலமான செய்தியைப் படித்த இரவு அது. நொட்டோரியஸ் பி.ஐ.ஜி., பிக்கி என்றெல்லாம் உலகம் அறிந்த ராப் பாடகர் கிறிஸ்டபர் வாலஸின் அம்மா. 1997 மார்ச் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில், பீட்டர்சன் மோட்டார் அருங்காட்சியகத்தில் ஒரு விருந்து முடிந்து திரும்பும்போது காரில் வைத்து அவர் மகனைச் சுட்டுக் கொன்றார்கள். 24 வயது. மகன் போன பிறகு ஏறக்குறைய 28 வருடம் அந்த அம்மா இருந்தார். அஞ்சலிக் குறிப்புகளைப் படித்துக்கொண்டே போனபோது மனதில் ஏதோ உறுத்தியது. அவரை எனக்கு இத்தனை வருடமாகத் தெரியும். ஆனால் அழுகிற முகமாக மட்டும்தான் தெரியும்.

எனக்கு இந்த உலகம் அறிமுகமானது 2003-இல், கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டல் அறையில். அறைத்தோழி ஒரு எம்பி3 சிடி வைத்திருந்தாள். ஊரிலிருந்து அவள் அண்ணன் கொடுத்தனுப்பியது. 1996-இல் சுட்டுக் கொல்லப்பட்ட ராப் பாடகர் டூபாக்கின் பாட்டுகள் அதில் முப்பது நாற்பது இருந்தன. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய் பாட்டு வரிகளை பிரிண்ட் எடுத்து வந்து, அகராதியில் இல்லாத சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். 'கீப் யா ஹெட் அப்' பாட்டின் வீடியோவையும் எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தாள். அதன் தொடக்கத்தில் திரையில் ஒரு வரி வரும். லடாஷா ஹார்லின்ஸ் என்ற பெண்ணின் நினைவுக்குச் சமர்ப்பணம் என்று. அந்த வரியை நான் எத்தனையோ முறை பார்த்திருப்பேன். அந்தப் பெண் யார் என்று ஒருநாள்கூட யாரிடமும் கேட்டதில்லை. நான் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. டூபாக்கைக் கொன்றது யார்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் முதல் ஆவணப்படத்துக்குப் போனேன். பர்மா பஜாரில் வாங்கிய டிவிடி. நிக் புரூம்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் 2002-இல் எடுத்த 'பிக்கி அண்ட் டூபாக்'. காதில் ஹெட்போன், கையில் மைக்கோடு இயக்குநரே படத்துக்குள் நடந்து வருவார். ரஸல் பூல் என்ற லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் அதிகாரியின் கருத்தைப் பிடித்துக்கொண்டு, டெத் ரோ இசை நிறுவனத்தின் ஷுக் நைட்டுக்கும் கெட்டுப்போன சில போலீஸ்காரர்களுக்கும் இருந்த உறவைத் தேடிப் போவார். கடைசியில் சிறைக்குள்ளேயே நுழைந்து ஷுக் நைட்டிடம் பேசுவார். தைரியமான படம். அன்றைக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், இன்றைக்கும் அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டோடு உட்கார்ந்து திரும்பப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. படத்தில் எதையும் தேடுகிற உரிமை ஒருவருக்குத்தான் இருக்கிறது. மற்ற எல்லோரும் அவர் தேடிப் போகிற வீடுகளில் இருக்கிறார்கள்.

உண்மையில் தேடியது யார் என்று பார்த்தால் கதை வேறு. வொலெட்டா ஜமைக்காவிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர். மழலையர் பள்ளி ஆசிரியை. மகனைத் தனியாக வளர்த்தவர். மகன் கொலையில் போலீஸ்காரர்களுக்கும் பங்கு இருக்கிறது என்று 2002-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மீதே வழக்குப் போட்டார். 2005-இல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, போலீஸ் தரப்பு ஆவணங்களை மறைத்து வைத்திருந்தது வெளியே வந்து, நீதிபதி அந்த விசாரணையையே செல்லாததாக்கினார். அடுத்த வருடம், குடும்பத்தின் வழக்குச் செலவுக்காக நகரம் 11 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வழக்கு 2010-இல் முடிவில்லாமல் முடிந்துபோனது. ஆனாலும் போலீஸின் மேஜை இழுப்பறையைத் திறக்க வைத்தது அந்த டீச்சரம்மாவின் வழக்குதான். நியாயமாகப் பார்த்தால் என் நோட்டில் அவர் பெயர் இடப்பக்கம் இருக்க வேண்டும். படங்கள் அவரை வலப்பக்கத்திலேயே உட்கார வைத்தன.

அவர் சொல்லும் ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மகன் அறையில் ஒரு தட்டில் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து கிடந்ததாம். பழைய உருளைக்கிழங்கு மசியல் என்று நினைத்து எடுத்துக் குப்பையில் கொட்டிவிட்டார். மகன் விற்பதற்காகக் காய வைத்திருந்த கிராக் போதைப்பொருள் அது. இந்த ஒரு கதையில் அந்த வீடு முழுவதும் இருக்கிறது. அம்மாவின் கண்டிப்பு, சுத்தம், அவருக்குத் தெரியாமல் அதே கூரைக்குக் கீழே நடந்துகொண்டிருந்த இன்னொரு வாழ்க்கை. கொலைகாரன் யார் என்ற பரபரப்பில் ஓடுகிற படத்தில் இப்படி ஒரு தட்டுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

இடம் கொடுத்த படம் ஒன்று உண்டு. 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, எம்மெட் மல்லாய் இயக்கியது. கொலையை ஏறக்குறைய ஓரமாக வைத்துவிட்டு பிக்கியின் வாழ்க்கையை மட்டும் சொன்னது. அதில் டொனால்ட் ஹாரிசன் என்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் வருகிறார். புரூக்ளினில் பக்கத்து வீட்டுக்காரர். சிறுவன் கிறிஸ்டபரை உட்கார வைத்து இசை சொல்லிக்கொடுத்தவர். மேக்ஸ் ரோச்சின் டிரம்ஸ் தாளம் எப்படி பிக்கியின் ராப்பில் வார்த்தைகளாக விழுகிறது என்று அவர் விளக்குவார். நான் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்தி ஐந்தாறு முறை பார்த்தேன். மிருதங்கச் சொல்லை வாயால் சொல்லிக் கேட்டு வளர்ந்த காது எனக்கு, அதனால் சட்டென்று பிடித்துக்கொண்டது. ஒரு கறுப்பினக் கலைஞனின் மூளை எப்படி வேலை செய்தது என்பதை இன்னொரு கறுப்பினக் கலைஞர் விளக்குகிறார். குற்றக் கதைகளில் இது மிக அபூர்வம். அங்கே ராப் பாடகரின் மூளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. துளைத்த குண்டைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

ஆனால் இதோடு சந்தோஷப்பட்டு நிறுத்திவிட முடியவில்லை. அந்தப் படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் வொலெட்டாவும் இருந்தார், ஷான் கோம்ப்ஸும் இருந்தார். பஃப் டாடி, டிடி என்றெல்லாம் அழைக்கப்பட்ட, பிக்கியின் பாட்டுகளை வெளியிட்ட நிறுவனத்தின் தலைவரான அதே கோம்ப்ஸ். இரண்டு வருடம் கழித்து, 2023 நவம்பரில், அவருடைய முன்னாள் காதலியான பாடகி கேஸி, வன்புணர்வு செய்தார், அடித்தார் என்று அவர் மீது வழக்குப் போட்டார். அதற்குப் பிறகு வழக்குகள் வரிசைகட்டி வந்தன. 2025 ஜூலையில் பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டு, விபச்சாரத்துக்காக ஆட்களைக் கூட்டிச் சென்றதாக இரண்டு குற்றங்களில் மட்டும் தண்டிக்கப்பட்டார். அக்டோபரில் 50 மாதச் சிறை. அதற்கு முன்பே, 2024-இல் செய்திகள் வெளியான சமயத்தில் வொலெட்டா ஒரு பேட்டியில் அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னார். இருபத்தைந்து வருடமாக நமக்கு ஈரக் கண்களாகவே காட்டப்பட்ட அம்மா! அந்தக் கோபத்தைப் படித்ததும் எனக்கு ஏதோ நெருங்கிய உறவுக்காரர் பேசியது போல இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிரதிநிதித்துவம் என்றதும் நாம் எளிதாக ஒரு கணக்குப் போட்டுவிடுகிறோம். கறுப்பினத்தவர் தயாரித்தால் போதும், பெண் இயக்கினால் போதும் என்று. எனக்கும் அந்தக் கணக்கு இருந்தது. படங்களே அதைக் கலைத்தன.

2020-இல் வந்த 'ஆன் த ரெக்கார்ட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கிய கர்பி டிக், ஏமி சீரிங் இருவருமே வெள்ளையர்கள். டெஃப் ஜாம் என்ற ராப் இசை நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரஸல் சிமன்ஸ் தன்னை வன்புணர்வு செய்தார் என்று ட்ரூ டிக்சன் சொல்கிறார். சிமன்ஸ் அதை மறுத்தார். படம் சன்டான்ஸ் விழாவில் திரையிடப்படுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த ஓப்ரா வின்ஃப்ரி விலகினார். படத்துக்கு வீடே இல்லாமல் போய், பிறகு எச்பிஓ மேக்ஸ் எடுத்துக்கொண்டது. இத்தனைக்கு நடுவிலும் அந்தப் படத்தில் ட்ரூ டிக்சன் விளக்குகிறவராக உட்கார்ந்திருக்கிறார். டெஃப் ஜாமில் புதிய பாடகர்களைக் கண்டுபிடித்து ஆல்பம் உருவாக்குகிற வேலையில் இருந்தவர். மெத்தட் மேனையும் மேரி ஜே. பிளைஜையும் சேர்த்த, கிராமி வாங்கிய பாட்டுக்குப் பின்னால் இவர் உழைப்பு இருக்கிறது. ஒரு பாட்டைக் கேட்டதும் தனக்குள் என்ன நடக்கும் என்று அவர் சொல்லும்போது முகமே மாறிவிடும். கறுப்பினப் பெண் கறுப்பின ஆண் மீது புகார் சொல்ல ஏன் தயங்குகிறாள் என்பதையும் அவரே சொல்கிறார். பொய்ப் பழி சுமத்திக் கறுப்பின ஆண்களை மரத்தில் தொங்கவிட்ட நாட்டில், அந்தப் பழைய பட்டியலோடு இன்னொரு பெயரைச் சேர்க்கிறோமோ என்ற பயம். இதை எந்தப் போலீஸ் அதிகாரியாலும் எனக்கு விளக்கியிருக்க முடியாது. இசைத்துறை இழந்தது என்ன என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர் அங்கேயே இருந்திருந்தால் உருவாகியிருக்கும் பாட்டுகளைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

2019-இல் வந்த 'சர்வைவிங் ஆர். கெல்லி' தொடரையும் இதோடு சேர்த்துத்தான் நினைக்கிறேன். பல பெண்கள் பாலியல் கொடுமைப் புகார் சொன்ன பாடகர் கெல்லி. அவர் ராப் பாடகர் இல்லைதான், ஆனால் ராப் பாடகர் ஜே-சீயோடு ஆல்பம் போட்ட, ஹிப்-ஹாப் உலகம் தோளில் தூக்கி வைத்திருந்த ஆள். தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர் ட்ரீம் ஹாம்டன், ஹிப்-ஹாப் பத்திரிகையிலேயே எழுதி வளர்ந்தவர், பிக்கிக்குத் தோழி. வெளியிலிருந்து வந்து இந்த இசையைக் கேவலப்படுத்துகிறார் என்று அவரை யாராலும் சொல்ல முடியாது. தொடரில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் வருவார். சிறுமியை வைத்து ஆபாச வீடியோ எடுத்ததாகப் போட்ட வழக்கில் 2008-இல் கெல்லியை விடுதலை செய்த ஜூரியில் இருந்தவர். அந்தப் பெண்களை நான் நம்பவில்லை, அவர்கள் உடுத்திய விதமும் நடந்துகொண்ட விதமும் எனக்குப் பிடிக்கவில்லை என்று கேமராவைப் பார்த்துச் சாதாரணமாகச் சொல்கிறார். என் நோட்டில் அவரை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியவில்லை. அவர் விளக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஒரு நாடு எப்படி யோசித்தது என்பதை அப்படியே திறந்து காட்டிவிட்டுப் போனார். தொடர் வந்த அடுத்த மாதமே சிகாகோவில் கெல்லி மீது புது வழக்குகள் பாய்ந்தன. 2021-இல் நியூயார்க்கில் குற்றவாளி என்று தீர்ப்பு, அடுத்த வருடம் 30 வருடச் சிறை.

கோம்ப்ஸ் பற்றி 2025 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த நான்கு பாகத் தொடர் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. இயக்குநர் அலெக்ஸாண்ட்ரியா ஸ்டேபிள்டன், கறுப்பினப் பெண். நிர்வாகத் தயாரிப்பாளர் ராப் பாடகர் 50 சென்ட், கோம்ப்ஸோடு பல வருடப் பகை உள்ளவர். கணக்குப்படி எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. முன்பு பேசவே முடியாமல் இருந்த பலர் அதில் பேசுகிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் ஒரு ஆண் இன்னொரு ஆணை வீழ்த்துகிற சண்டையின் நெடி படம் முழுக்க அடிக்கிறது. அந்தச் சண்டையில் பெண்களின் வலி ஆயுதமாகிவிட்டதோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

அழுகையை விட்டுவிட்டு விளக்கத்துக்கே வருகிறேன். யார் விளக்குகிறார்கள் என்பது டிவியோடு முடிகிற விஷயம் இல்லை, அது ஜெயில் வரைக்கும் போகும். லூசியானாவைச் சேர்ந்த மேக் ஃபிப்ஸ் என்ற ராப் பாடகரின் வழக்கு இது. 2000-இல் ஒரு இசை நிகழ்ச்சியில் நடந்த கொலைக்காக அவரைப் பிடித்தார்கள். அரசு வக்கீல் ஜூரிக்கு முன்னால் அவருடைய பாட்டு வரிகளைப் படித்தார். இரண்டு வேறு பாட்டுகளிலிருந்து எடுத்து ஒட்ட வைத்த வரிகள். அதில் ஒன்று வியட்நாம் போருக்குப் போய்வந்த தன் அப்பாவைப் பற்றி அவர் பாடியது. ஒட்டிப் படித்தபோது அது கொலைகாரனின் வாக்குமூலம் மாதிரி ஆகிவிட்டது. 12 பேரில் 10 பேர் குற்றவாளி என்றார்கள், அன்றைய லூசியானாவில் அது போதும். 30 வருடத் தண்டனை. ஏறக்குறைய 21 வருடம் உள்ளே இருந்துவிட்டு 2021-இல் வெளியே வந்தார்.

பாட்டுக்கு உரை சொல்கிற வேலையை வக்கீலிடம் கொடுத்தால் இதுதான் கதி. சங்க அகப்பாட்டில் 'யான்' என்று வருகிற இடத்தில் பேசுவது புலவர் இல்லை, தலைவியோ தோழியோ என்று பள்ளிக்கூடத்திலேயே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். தலைவி பொய் சொன்னால் கபிலரை யாரும் பொய்யர் என்பதில்லை. ராப் பாடகருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. கலிஃபோர்னியா 2022-இல்தான் இதற்கு ஒரு தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. பிராங்ஸைச் சேர்ந்த கெம்பா என்ற ராப் பாடகரையே வழிகாட்டியாக நடக்க வைத்து ஜே.எம். ஹார்ப்பர் 2024-இல் 'ஆஸ் வீ ஸ்பீக்' எடுத்தார். ராப் பாட்டு நீதிமன்றத்தில் எப்படிச் சாட்சியாகிறது என்று கேள்வி கேட்டுக்கொண்டு போவது ஒரு ராப் பாடகர். புரூம்ஃபீல்ட் படத்திலிருந்து இந்தப் படத்துக்கு வர 22 வருடம் ஆகியிருக்கிறது.

ராப் பாடகி மெகன் தீ ஸ்டாலியனைப் பற்றிய படமும் அதே வருடம் வந்தது, நெகா ஒனுவோரா இயக்கியது. 2020 ஜூலையில் மெகனின் காலில் சுட்டார்கள். கண்ணாடி குத்திவிட்டது என்றுதான் முதலில் போலீஸிடம் சொன்னார். ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, காரில் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்தால் போலீஸ் என்ன செய்யும் என்ற பயம். அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு உலகமே அவரைக் குதறியது. 2022 டிசம்பரில், அவரைச் சுட்ட ராப் பாடகர் டோரி லேனஸ் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் குதறல் ஓயவில்லை. படத்தில் சில இடங்களைத் தனக்குப் பிடித்த ஜப்பானிய அனிமே ஓவியமாக வரைய வைத்தார். உடம்பைப் பற்றி ஊரே பேசிய ஒரு பெண், தன் உடம்பைத் தனக்குப் பிடித்த கோட்டில் வரைந்துகொள்கிறார். அழகாக இருந்தது.

அந்த ஓவியங்களைப் பார்த்தபோது சிசிடிவி நினைவுக்கு வந்தது. இந்தப் படங்களின் உயிர்நாடியே அதுதான். 1996 செப்டம்பர் 7, லாஸ் வேகஸ் ஹோட்டல் கூடத்தில் டூபாக்கும் ஆட்களும் ஆர்லாண்டோ ஆண்டர்சனைக் கீழே தள்ளி மிதிக்கிற காட்சி. அதை எல்லாப் படத்திலும் காட்டுவார்கள். அன்றிரவே டூபாக்கைச் சுட்டதாகச் சந்தேகிக்கப்பட்டு, ஒருபோதும் குற்றம் சாட்டப்படாத ஆண்டர்சன் 1998-இல் தானும் சுடப்பட்டு இறந்தார், 23 வயது. அவருக்கு நம் நினைவில் இருக்கிற ஒரே வாழ்க்கை அந்தத் தரையில் கிடந்த சில விநாடிகள். பிறகு கேஸி. ஹோட்டல் நடைபாதையில் கோம்ப்ஸ் அவரை இழுத்து மிதிக்கிற 2016-ஆம் வருடத்துக் காட்சி 2024 மே மாதம் வெளியானது. அது சாட்சியம், உலகம் அவரை நம்பியதற்குக் காரணம். அதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தொடரிலும் மெதுவாக ஓட்டி, பின்னால் இழுத்து, திரும்ப ஓட்டி, இசை போட்டுக் காட்டும்போது நான் ரிமோட்டை எடுத்துவிடுகிறேன்.

போன வருடம்தான் லடாஷா ஹார்லின்ஸ் யார் என்று தேடினேன். ஹாஸ்டலில் அந்தப் பெயரைப் பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1991 மார்ச் 16, தெற்கு லாஸ் ஏஞ்சலஸ். 15 வயதுப் பெண் ஒரு கடையில் 1 டாலர் 79 சென்ட் விலையுள்ள ஆரஞ்சு ஜூஸை எடுக்கிறாள். திருடுகிறாள் என்று கடைக்கார அம்மாள் அவளைப் பிடிக்கிறார். கைகலப்பு. திரும்பி நடந்தவளின் தலையில் பின்னாலிருந்து சுட்டார். கையில் காசு இருந்தது. கடைக்கார அம்மாள் சிறைக்குப் போகவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 500 டாலர் அபராதம். கடையின் கேமராவில் பதிவான கொலையை டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. அடுத்த வருடம் அந்த நகரம் எரிந்ததற்கு ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை விடுவித்த தீர்ப்போடு இந்தக் கோபமும் சேர்ந்திருந்தது.

சோஃபியா நாலி அலிசன் 2019-இல் அவளைப் பற்றி 19 நிமிடப் படம் ஒன்று எடுத்தார். அந்தக் கடைக் காட்சி அதில் இல்லவே இல்லை. போலீஸ்காரர் இல்லை, வக்கீல் இல்லை. லடாஷாவோடு விளையாடி வளர்ந்த தோழியும் உறவில் சகோதரியான ஒரு பெண்ணும் பேசுகிறார்கள். பெரும்பாலும் குரல்கள்தான். திரையில் பழைய வீடியோ கேசட் மாதிரி நடுங்குகிற வண்ணங்கள், வெயில், கறுப்பினச் சிறுமிகளின் முகங்கள். லடாஷாவின் அம்மாவும் அவளுக்கு முன்பே சுட்டுக் கொல்லப்பட்டவர். அவள் நன்றாகப் படிக்கிற பெண். மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண். வக்கீல் ஆக ஆசைப்பட்டவள்.

அன்றைக்கு நோட்டைத் திறந்து நடுவில் கோடு போடப் போனேன். கை ஓடவில்லை. தோழி பேசும்போது குரல் உடைகிறது, அதே குரல்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்குகிறது. கோடு போடாமலே லடாஷா என்று எழுதினேன். பிறகு அறைத்தோழிக்கு போன் செய்தேன், அவள் இப்போது திருப்பூரில் இருக்கிறாள். "அந்த வீடியோவில் முதல்ல ஒரு பேர் வருமே, ஞாபகம் இருக்காடி?" என்று கேட்டேன்.